கோடையில் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டா? பொருநை மடுக்களும் மீன்களும்

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஏப்ரல் 20, காலை 7:42

சேரன்மாதேவிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் படித்துறையிலிருந்து எழுதுகிறேன். சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பொருநை, அதாவது தாமிரபரணி, ஓடவில்லை, கசிந்துகொண்டிருக்கிறது.

பத்து நாளைக்கு முன் மேலே அணையில் தண்ணீரைக் குறைத்தார்கள். குறைக்க வேண்டிய நேரம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் முழங்காலுக்கு மேல் ஓடிய ஆறு மறுநாள் விடியும்போது கணுக்காலுக்கு வந்துவிட்டது. பாறை இடுக்குகளிலும் மணல் ஓரத்துப் பள்ளங்களிலும் கெண்டை, அயிரை, ஆரால் எல்லாம் மாட்டிக்கொண்டன. பிள்ளைகள் வாளியில் அள்ளி நடு ஆற்றில் விட்டார்கள். பத்து மணி வெயில் ஏறியதும் மிச்சமிருந்தது செத்துப்போனது. கொக்கும் காக்கையும் அன்று முழுக்க அங்கேதான்.

இப்போது ஊருக்குக் கீழே ஒரு மடு மட்டும் ஆழமாக இருக்கிறது. விடிகாலையில் போய் நின்றால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "குடிக்கவே பத்தாது, மீனுக்கு எங்கே போக?" என்றார்கள். பேசியவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வழி தெரியவில்லை.

இந்த மாதிரி வருசத்தில் ஆற்றுக்காகக் கேட்க நமக்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா? இருந்தால் எதைக் கேட்பது?

கன்னடியன்கால்
ஏப்ரல் 20, காலை 9:15

தம்பி, உங்க மனசு புரியுது. நானும் இந்தத் தண்ணிய குடிச்சி வளந்தவன்தான். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சிது. 62 விழுக்காடு குறைவுன்னு கணக்கு சொன்னாவ. மறு சனவரியில தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அறிவிச்சாவ. அந்த வருசம் என் பிசானப் பயிரு, மழைக்காலத்து நெல்லு, கதிர் வாங்குற நேரத்துல கருகிச்சு. நாலு ஏக்கர். மாட்டை அவுத்து வயல்ல விட்டேன், மேயட்டும்னு.

அப்படிப்பட்ட வருசத்துல மீனுக்குத் தண்ணி விடுங்கன்னு யாராவது வந்து சொன்னா எங்களுக்கு எப்படி இருக்கும்? எவ்வளவு விடணும், எத்தன நாள், அதுல எத்தன ஏக்கர் போவும்? அந்தக் கணக்க மொதல்ல வைங்க. பிறகு பேசுவோம்.

நீர்க்கணக்கு
ஏப்ரல் 20, மதியம் 12:30

கன்னடியன்கால் அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி. கணக்கை மறைத்துவிட்டு ஆற்றுக்காகப் பேசுவதில் பயனில்லை.

வினாடிக்கு 50 கன அடி வீதம் 100 நாள் விட்டால் 432 மில்லியன் கன அடி. பாபநாசம் அணையின் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி, மணிமுத்தாறு 5,511. ஆக, பாபநாசம் நிரம்பியிருந்தால் அதில் எட்டு விழுக்காடு. ஒரு பூ (ஒரு போகம்) நெல்லுக்கு நாலடி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 2,500 ஏக்கருக்குப் பாயும் தண்ணீர் அது. பொருநைப் பாசனம் மொத்தம் 86,000 ஏக்கருக்கு மேல். ஆனாலும் அந்த 2,500 ஏக்கரும் யாரோ ஒருவர் வீட்டுச் சோறு. சின்னக் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் வரை போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் எல்லாம் இந்த ஆற்று மணலுக்குள்தான் இருக்கின்றன. பாசனத்தை நிறுத்தினாலும் குடிநீருக்காக அணையிலிருந்து தண்ணீர் விட்டுத்தான் ஆக வேண்டும். அது குழாயில் போவதில்லை, ஆற்றில்தான் வருகிறது. அப்படியென்றால் எவ்வளவு மோசமான வருசத்திலும் ஆற்றில் ஏதோ ஒரு அளவு தண்ணீர் இறங்குகிறது. அதை எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் மீன் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். புதிதாக ஒரு சொட்டும் கேட்காமலே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகுச்சாவி
ஏப்ரல் 20, இரவு 8:05

நான் லஸ்கரா, அதாவது மதகு திறந்து மூடுற ஆளா, இருந்து ஓய்வு பெத்தவன். 31 வருசம் ஷட்டர் திருகுன கை இது.

பொருநைக்கரை தம்பி சொன்னது ஒரே ராத்திரியில இறக்குனதால வந்த வினை. நான் வேலைக்குச் சேந்தப்ப எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவரு ஒரு வழக்கம் வச்சிருந்தாரு. தண்ணியக் குறைக்கணும்னு உத்தரவு வந்தா ஷட்டர ஒரே மூச்சுல இறக்க மாட்டாரு. காலையில ரெண்டு இஞ்சு, சாயங்காலம் ரெண்டு இஞ்சு. மூணு நாலு நாள்ல இறக்குவாரு. கேட்டா, "ஓரத்துல கெடக்குற சீவன் நடுவுல போயிச் சேரட்டும்லே" என்பாரு. கரையும் சரியாதுன்னு இன்னொரு காரணமும் சொல்வாரு. ஈரக் கரையில தண்ணி சட்டுனு இறங்குனா மண் வழுக்கி விழும். அது நான் கண்ணால பாத்தது.

இப்ப உத்தரவு போன்ல வருது. இன்னைக்கே மூடு, இன்னைக்கே திற. அங்க நிக்கிற பையனுக்கு அஞ்சு எடத்துப் பொறுப்பு. அவன் மேல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

நாலு நாள்ல மெதுவா இறக்குனா எவ்வளவு தண்ணி கூடப் போகும்னு நீர்க்கணக்கு ஐயா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

நீர்க்கணக்கு
ஏப்ரல் 20, இரவு 9:20

300 கன அடியிலிருந்து 60க்கு நாலு நாளில் சீராக இறக்கினால், உடனே மூடுவதைவிடச் சுமார் 41 மில்லியன் கன அடி கூடுதலாகப் போகும். ஒரு கோடைக்கு ஒரு முறை. அதுவும் வீணாகாது. மணலுக்குள் இறங்கி உறைகிணற்றுக்கு வரும், கீழே உள்ள அணைக்கட்டுகளில் நிற்கும்.

அயிரை
ஏப்ரல் 21, காலை 6:50

வணக்கம். மீன்வளம் படிக்கும் மாணவி நான். மதகுச்சாவி ஐயாவின் ஆசான் சொன்னதைத்தான் எங்கள் பாடத்திலும் படிக்கிறோம். ஆற்றோரம் ஆழமில்லாத இடத்தில்தான் குஞ்சுகள் இருக்கும். பெரிய மீன் வாய்க்கு எட்டாத இடம் என்பதால் அங்கே ஒதுங்கும். தண்ணீர் சட்டென்று இறங்கினால் முதலில் மாட்டுவது அவைதான்.

பொருநைக்கரை அண்ணா, விடிகாலையில் மீன் வாயைத் திறப்பது ஆக்சிஜன் தட்டுப்பாடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு கூடக்கூட மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, தண்ணீர் கொடுப்பதோ குறைகிறது. பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து அதை எடுத்துவிடும். அதனால் விடியும் முன்புதான் மிகக் குறைவு. மத்தியானம் போய்ப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

மீன் செத்தால் உடனே "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று பேச்சு எழும். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரிய மீன்கள் முதலில் செத்து, விரால் பிழைத்துக் கிடந்தால் அநேகமாக அது மூச்சுமுட்டல். விரால் மேலே வந்து காற்றை நேரடியாக எடுக்கும், கெண்டைக்கு அது முடியாது. சின்னது பெரியது எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம்.

இந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய ஒரு கெண்டையும் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே தாமிரபரணி வரும். 1950களில் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் முதலில் விவரித்தது. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்டிருக்கும். நம் ஆற்றுப் பகுதிக்கே உரியது. இங்கே அழிந்தால் வேறு எங்கிருந்தும் கொண்டுவந்து விட முடியாது.

கன்னடியன்கால்
ஏப்ரல் 21, காலை 10:02

அந்த நூல் துடுப்பு மீன நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். வால் பக்கத்துல கறுப்புப் புள்ளி இருக்கும். அதுக்கு இப்படி ஒரு கத இருக்கும்னு தெரியாது தாயி.

மெதுவா இறக்குறதுக்கு எனக்கு எதிர்ப்பு இல்ல. எங்க வாய்க்காலுக்கும் அதுதான் நல்லது. அடுத்தது என்ன கேப்பிய, அதச் சொல்லுங்க. "ஆத்துக்குன்னு பங்கு" அப்படின்னு எழுத ஆரம்பிச்சா நாளைக்கு கார் சாகுபடிக்கு, அதான் கோடை முடிஞ்சு போடுற நெல்லுக்கு, தண்ணி கேட்டு நாங்க போய் நிக்கும்போது, ஆத்துப் பங்கு போக மிச்சம் இல்லன்னு சொல்லிருவாவ. அந்தப் பயம் இருக்கு.

முகத்துவாரம்
ஏப்ரல் 21, மதியம் 1:15

ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நீங்கள் எல்லோரும் பேசுவது ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிடுகிறது. எட்டு அணைக்கட்டில் கடைசி அது. கோடையில் அதைத் தாண்டி எங்களுக்குத் தண்ணீர் வருவது அபூர்வம். தூத்துக்குடி ஆலைகளுக்குப் போகும் 20 எம்ஜிடி (நாளைக்கு 20 மில்லியன் காலன்) திட்டத்துக்கும் அங்கிருந்துதான் எடுத்துவந்தார்கள். கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 37 கன அடி. அண்ணாச்சி 50 கன அடிக்குப் பயப்படுகிறார். இந்த 37ஐப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும்.

ஆறு கடலுக்கு வராத மாதங்களில் கடல் ஆற்றுக்குள் வருகிறது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களைக் கேளுங்கள், கிணற்றுத் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று. மடவையும் கொடுவாயும் கடலில் பொரித்து, குஞ்சு முகத்துவாரத்துக்குள் வந்துதான் வளரும். விலாங்கு அதற்கு நேர் எதிர், ஆற்றில் வளர்ந்து முட்டை போடக் கடலுக்குப் போகும். வாசலை அடைத்துவிட்டால் இரண்டுக்கும் வழியில்லை.

"தண்ணி வீணாக் கடல்ல கலக்குது" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊர் கணக்கிலேயே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். நாங்கள் இருக்கிறோம்.

பொருநைக்கரை
ஏப்ரல் 21, மாலை 6:30

முகத்துவாரம் அண்ணே, மன்னிக்கணும். எங்கள் படித்துறையிலிருந்து பார்த்தே கேள்வியை வைத்துவிட்டேன். இழையின் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, உங்களையும் சேர்த்துத்தான் இனி பேசுவோம்.

நீர்க்கணக்கு
ஏப்ரல் 21, இரவு 9:40

"ஆற்றுக்கென்று பங்கு" என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2007இல் காவிரி நடுவர் மன்றம் கொடுத்த இறுதித் தீர்ப்பில், 740 டிஎம்சியைப் பங்கிடும்போது சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கென 4 டிஎம்சியும் தனியாக ஒதுக்கப்பட்டன. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலப் பங்குகளை மாற்றியபோதும் இந்த 14 டிஎம்சியில் கைவைக்கவில்லை. நாம் எல்லோரும் கர்நாடகம் நமக்கு விட வேண்டிய 192, 177.25 டிஎம்சி என்ற எண்களைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அந்தப் பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதே 2018 அக்டோபரில் கங்கைக்கு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. மேல் கங்கையில் நவம்பர் முதல் மார்ச் வரை மாத சராசரி வரத்தில் 20 விழுக்காடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு ஆற்றில் ஓட வேண்டும். மாதத்துக்கு மாதம் விகிதம் மாறுவதைக் கவனியுங்கள். அண்ணாச்சியின் பயத்துக்கு இதில் பதில் இருக்கிறது. ஒரே எண்ணை எல்லா வருசத்துக்கும் கட்டிவைத்தால்தான் விவசாயிக்கு ஆபத்து. வரத்தில் இவ்வளவு விழுக்காடு என்றால், வரத்துக் குறையும்போது ஆறும் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். நம்மோடு சேர்ந்து அதுவும் அரைவயிறாக இருக்கும்.

டார்லிங் கரை
ஏப்ரல் 22, காலை 5:10

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டி என்ற சிற்றூரில் டார்லிங் ஆற்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய நீர். பல மாதமாக ஓட்டமில்லை. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நின்றன. கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. மேலே நீலப்பச்சைப் பாசி. மீன்கள் மேல் அடுக்கில் ஒதுங்கிப் பிழைத்திருந்தன. திடீரென்று ஒரு குளிர்காற்று வந்தது. இரண்டு அடுக்கும் கலந்தன. ஒரே இரவில் மொத்தத் தண்ணீரும் மூச்சற்றதாகிவிட்டது. சில வாரங்களுக்குள் மூன்று முறை இப்படி நடந்தது. செத்தவை பல லட்சம். அவற்றில் முர்ரே காட் என்ற மீன்கள் சில, பல பத்து வயதுடையவை. ஒரு விவசாயி அப்படி ஒரு மீனைக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு கண்ணீரோடு பேசிய காணொளி இங்கே எல்லா வீட்டிலும் ஓடியது.

இத்தனைக்கும் இந்த நாட்டில் 2007லேயே நீர்ச் சட்டம் வந்து, ஆற்றுக்காகத் தண்ணீர் உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருக்க ஒரு மத்திய அமைப்பே இருக்கிறது. சட்டம் இருந்தும், மேலே அதிகமாக எடுத்ததாலும் வறட்சியாலும் அந்த இடத்துக்கு நேரத்தில் தண்ணீர் வரவில்லை. ஏட்டில் பங்கு இருப்பது போதாது, எந்த மடுவுக்கு எந்த வாரம் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் மடுவைப் பற்றிப் படித்ததும் எனக்குப் பயமாக இருக்கிறது. கோடைமழை ஒன்று அடித்து வெக்கை தணியும் நாள்தான் ஆபத்து.

அயிரை
ஏப்ரல் 22, காலை 8:25

டார்லிங் கரை அண்ணா சொல்வதோடு இன்னொன்று. முதல் கோடைமழை கரையில் கிடக்கும் சருகு, சாணி, சாக்கடை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். அவை மட்கும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஆறு ஓடிக்கொண்டிருந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தேங்கிய மடுவில் போக இடமில்லை. அதனால் மழை பெய்த மறுநாள் அதிகாலையில் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் அதற்கு மதிப்பு அதிகம். 20 கன அடி ஆனாலும் போதும், அது கல்லில் விழுந்து நுரைத்து வர வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை: மடுவில் சோறு, பொரி எதையும் போடாதீர்கள். பாபநாசம் படித்துறையில் பொரி போட்டுப் பழகிய பாசம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை என்பது எவ்வளவு அருமையான வழக்கம்! ஆனால் ஓட்டமில்லாத நாளில் மீன் தின்னாமல் விட்ட பொரியும் அழுகத்தான் செய்யும். பரிகாரத்துக்கென்று ஆற்றில் விடும் துணிகளும் அப்படித்தான். படிக்குக் கீழே குவிந்து கிடப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

மீனை அள்ளி வேறு இடத்தில் விடுவதாக இருந்தால் அதே ஆற்றின் அடுத்த மடுவில் மட்டும் விடுங்கள். அள்ளியதில் ஜிலேபியோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ மாதிரி வெளியிலிருந்து வந்த மீன் இருந்தால் திரும்ப விடாதீர்கள்.

கன்னடியன்கால்
ஏப்ரல் 22, காலை 11:00

குளத்து மீனுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்க. எங்க பக்கம் மீன்பாசி குத்தகை எடுக்கிறவங்க, குத்தகை முடியுமுன்ன பிடிக்கணும்னு மடையத் திறந்து தண்ணிய வடிச்சிருதாவ. குளம் வத்துனா சுத்துக் கிணறும் வத்துது. அந்தத் தண்ணி இருந்தா ஆடு மாடு குடிக்கும், தாய்மீனும் நாலு மிஞ்சும், மழை வந்ததும் பெருகும். குத்தகை ஒப்பந்தத்துலயே கடைசி ரெண்டு அடித் தண்ணியத் தொடக்கூடாதுன்னு எழுதணும். இதுக்கு யாரும் வயல இழக்க வேண்டாம்.

பிறகு மணல். 2010ல நல்லகண்ணு ஐயா போட்ட வழக்குல ஐகோர்ட்டு மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை போட்டுச்சே, அதுக்கு முன்ன எங்க பக்கம் ஆறு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். மணல் போன எடத்துல களிமண்ணு, அதுல கோரையும் வேலிக்கருவையும். மணல் இருந்தா கோடையில கையால தோண்டுனா ஊத்து வரும், மடுவுக்கும் அதுதான் ஊட்டு. ஆறு மீனுக்குச் சேத்து வச்சிருந்த தண்ணிய லாரியில கொண்டுபோயிட்டாவ. இன்னைக்கு அணையிலேருந்து வாங்கி அத ஈடுகட்டச் சொன்னா நியாயமா?

மதகுச்சாவி
ஏப்ரல் 22, மாலை 4:45

நியாயமில்ல அண்ணாச்சி. ஆனா மணல் திரும்ப வர நம்ம ஆயுசு காணாது. அதுவரைக்கும் இருக்குற மடுவையாவது காப்போம்.

நான் ஒரு யோசனை சொல்லுதேன். பாபநாசத்துலேருந்து மருதூர் வரைக்கும் சித்திரையிலயும் வத்தாத மடு எத்தனைன்னு எனக்கு ஓரளவு தெரியும். ஒவ்வொரு ஊர்க்காரரும் அவங்க ஊர் மடுவோட பேரு, கோடையில எத்தன ஆள் ஆழம், பக்கத்துல மோட்டார் வச்சு எடுக்குறாங்களா, இதெல்லாம் இந்த இழையில போடுங்க. நான் வரிசைப்படுத்தித் தாரேன். தண்ணி குறைக்குற உத்தரவு போடுற அதிகாரி மேசையில அந்தக் காகிதம் இருந்தா, எங்க பாத்துக் குறைக்கணும்னு அவருக்கும் தெரியும். "மீனுக்குத் தண்ணி விடுங்க"ன்னு பொதுவாக் கேட்டா யாரும் செய்ய மாட்டாங்க. "இந்த மூணு மடு, இந்த அளவுக்குக் கீழ போகக் கூடாது"ன்னு கேட்டா செய்யலாம். செய்வாங்க. அந்த வேலையில இருந்தவன் சொல்லுதேன்.

கன்னடியன்கால்
ஏப்ரல் 22, மாலை 5:30

இதுக்கு நான் கையெழுத்துப் போடுதேன். எங்க கால்வாய்ச் சங்கத்துலயும் பேசுதேன். மடுப் பக்கத்துல ராத்திரி மோட்டார் ஓட்டுற ரெண்டு பேரு யாருன்னும் எனக்குத் தெரியும். நானே போய்ச் சொல்லுதேன், சண்டை இல்லாம.

முகத்துவாரம்
ஏப்ரல் 22, இரவு 7:10

பட்டியலில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஏரல், முக்காணி வரை சேருங்கள். அங்கே நான் பார்த்து எழுதுகிறேன்.

பொருநைக்கரை
ஏப்ரல் 25, காலை 6:20

நேற்று சாயங்காலம் அரை மணி நேரம் மழை. சந்தோசப்பட வேண்டிய நாள். ஆனால் டார்லிங் கரை அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்து தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றரை மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். கன்னடியன்கால் அண்ணாச்சி வீரவநல்லூரிலிருந்து பைக்கில் வந்து எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார்.

தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே. மடுவின் மேல்முனையில் ஒரு சின்னக் கசிவு விழும் இடத்தில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அண்ணாச்சி தன் டீசல் பம்பைக் கொண்டுவரச் சொல்லி, மடுத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து பாறைமேல் விழவைத்து மடுவுக்குள்ளேயே விட்டார். ஐந்து மணியிலிருந்து ஓடுகிறது. டீசலுக்கு நான் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

இதுவரை செத்தவை எண்பது தொண்ணூறு இருக்கும். பெரிய கெண்டைகள். ஆனால் பம்புத் தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உயிரோடு நிற்கின்றன. ஒரு விலாங்கையும் பார்த்தோம், என் கை நீளம்.

அயிரை தங்கச்சி, பம்பை எத்தனை மணி வரை ஓட்ட வேண்டும்? உடனே சொல்லம்மா.

அயிரை
ஏப்ரல் 25, காலை 6:31

வெயில் நன்றாக ஏறி, மீன்கள் மேலேயிருந்து கீழே இறங்கும் வரை அண்ணா. ஒன்பது மணி ஆகலாம். வானம் மூட்டமாக இருந்தால் நிறுத்தாதீர்கள். செத்ததை எல்லாம் இப்போதே அள்ளிக் கரையில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், தண்ணீரில் கிடந்தால் இன்னும் ஆக்சிஜனை இழுக்கும். நாளைக்கும் நாளன்றைக்கும் இதே நேரத்துக்கு ஆள் வேண்டும்.

மதகுச்சாவி
ஏப்ரல் 25, காலை 6:40

நாளைக்கு நான் வாரேன்.